தர்சினிக்கும் சேர்த்துச் சொல்கிறேன்

மாதா என் மன்றாட்டைக் கேட்டார். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன், சகோதரங்களே. ஆனால் சந்தோசமான கதை கேட்கப் போகிறோம் என்று நினைத்து இருந்துவிடாதீர்கள். அன்பியச் செபக் கூட்டத்தில் சிலர் சொல்வதுபோல, நோய் போனது, துன்பம் போனது, ஆண்டவருக்குப் புகழ் என்று மூன்று வசனத்தில் முடிக்க எனக்கு ஏலாது. நான் வாயாடி. மாதாவோடும் வாயாடுகிறவள். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

என் பெயர் றெஜினா. முல்லைத்தீவுக் கரை. கணவர் அன்ரன் கடற்தொழில் செய்தவர். சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. இப்போது கிழமையில் இரண்டு நாள் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருகிறார். வந்த நாள் முழுக்கப் பாயை விட்டு எழும்ப மாட்டார். படகு கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. மகள் டிலானி சின்னப் பிள்ளை, ரெண்டாம் வகுப்பு. உழைக்கிற ஆள் நான் ஒருத்திதான்.

கிளிநொச்சி டவுனில் ஒரு மாடிக் கட்டடத்தில் எனக்கு வேலை. விடியப் பஸ் ஏறினால் பொழுதுபட்டுத்தான் வீடு. வேலை என்னவென்று அன்பியத்தில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறீர்கள், நானும் ஒழுங்காக விளங்கப்படுத்தியதில்லை. வெளிநாட்டுத் தெருப் படங்கள் கணினியில் வரும். கார் தெரிந்தால் அதைச் சுற்றி ஒரு பெட்டி போட வேண்டும். மனிதர் தெரிந்தால் வேறு நிறத்தில் பெட்டி. நாய்க்கு, சைக்கிளுக்கு, குப்பைத் தொட்டிக்கு என்று தனித்தனிப் பெட்டி. தானாக ஓடுகிற வாகனங்களுக்குத் தெருவைப் பார்க்கப் பழக்குகிற வேலை என்று எங்கள் பொறுப்பாளர் சாந்தன் அண்ணா சொன்னார். பனி கொட்டிக் கிடக்கிற தெருக்களை நாள் முழுக்கப் பார்த்துவிட்டுப் படியிறங்கினால் கிளிநொச்சி வெயில் முகத்தில் அடிக்கும்.

பக்கத்துக் கதிரை தர்சினியுடையது. அவளுடைய ஆட்கள் மலையகத்திலிருந்து அந்தக் காலத்தில் வன்னிக்கு வந்தவர்கள். கண்டாவளைப் பக்கம் வயல் வேலை செய்து வளர்ந்த குடும்பம். சைவசமயம். புருசன் விட்டுவிட்டுப் போய்விட்டான். மதுசா என்று ஒரு பெண்பிள்ளை, டிலானியை விடச் சின்னவள். தர்சினி என்னை விட வயதில் இளையவள், மூளையில் பத்து மடங்கு. மத்தியானம் சாப்பாட்டைப் பங்கு போட்டுத்தான் சாப்பிடுவோம். வெள்ளிக்கிழமைகளில் இரண்டு பேருடைய பெட்டியிலும் மரக்கறிதான் இருக்கும்.

"அக்கா, உங்கட சாமியும் எங்கட சாமியும் வெள்ளிக்கிழமையில மட்டும் ஒற்றுமை" என்று பகிடி விடுவாள்.

போன வருசம் உயிர்ப்புத் திருநாள் கழிந்த கிழமை சாந்தன் அண்ணா எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். இனி இந்தப் பெட்டி போடுகிற வேலை வராது என்றார். இயந்திரம் தானே போடப் பழகிவிட்டதாம். நாங்கள் வருசக்கணக்காகப் போட்ட பெட்டிகளைப் பார்த்துத்தான் பழகியதாம்.

"அப்ப நாங்கள்தானோ அதுக்கு ரீச்சர்மார்?" என்று தர்சினி கேட்டாள்.

"ஓம், ஒரு விதத்தில அப்பிடித்தான்."

"நல்ல பிள்ளை அண்ணை. ரீச்சரைக் கலைச்சுப்போட்டு வகுப்பை எடுத்துக்கொண்டுது."

ஒருவரும் சிரிக்கவில்லை. சாந்தன் அண்ணா தலையைக் குனிந்துகொண்டு இன்னொன்றும் சொன்னார். கொம்பனி புதிதாகத் தரவுப் பிரிவு ஒன்று தொடங்கப் போகிறது. குழம்பிக் கிடக்கிற தரவுகளைத் துப்புரவாக்குவது, அவற்றிலிருந்து கேட்ட விடையை எடுத்துக் கொடுப்பது, இயந்திரம் தருகிற விடை சரியா பிழையா என்று பார்ப்பது. ஆட்கள் கொஞ்சப் பேர்தான் தேவை. பரீட்சை வைத்து எடுப்பார்கள். விருப்பமானவர்கள் பதிந்துவிட்டுத் தாங்களாகப் படிக்கலாம்.

நான் அன்றைக்குப் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். எனக்கு எங்கே இனிப் படிப்பு? பட்ட காலிலேயே படும் என்பது சரியாய்ப் போயிற்று. அடுத்த கிழமையே வவுனியாவில் ஒரு ஏஜென்சிக்காரரிடம் போய்ப் பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். குவைத்தில் வீட்டு வேலை. எங்கள் கரையில் எத்தனை தாய்மார் அப்படிப் போனார்கள், உங்களுக்கே தெரியும். திரும்பி வரும்போது பிள்ளை தகப்பனுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, ஆர் இந்த அன்ரி என்று பார்க்கும்.

டிலானிக்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் அறிந்துவிட்டாள். ஒரு நாள் நான் வீட்டுக்கு வரும்போது குசினியில் கதிரையில் ஏறி நின்று அப்பாவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். "நீங்கள் போனாப் பிறகு நான்தானே ஊத்தவேணும்" என்றாள். சுடுதண்ணிக் கேத்தலை அவள் கையிலிருந்து பறித்து வைத்துவிட்டுக் வீட்டின் பின்கோடிப்பக்கம் போய் நின்று அழுதேன். அன்றைக்கு என் மன்றாட்டு ஒன்றாகச் சுருங்கியது. அம்மா, என் பிள்ளையை விட்டு என்னைப் போக விடாதேயும். வேறொன்றும் வேண்டாம்.

படிக்கத் தொடங்கினேன். தர்சினி இழுத்துத் தொடங்க வைத்தாள் என்பதுதான் உண்மை. அலுவலகம் தந்த பழைய லப்டொப் ஒன்று இருந்தது. கரண்ட் நின்றால் அதுவும் நிற்கும். கிழமையில் இரண்டு தரம் அன்ரனோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறபோது அங்கே வாங்கிலில் உட்கார்ந்து கடதாசியில் எழுதிப் பழகினேன். தர்சினி போனில் கணக்குச் சொல்வாள், நான் எழுதிப் படம் எடுத்து அனுப்புவேன், அவள் சிவப்பால் வெட்டித் திருப்பி அனுப்புவாள்.

இந்தக் காலத்தில் எதையும் இயந்திரத்திடம் கேட்டால் அதுவே எழுதித் தரும். நானும் ஒரு நாள் அப்படிக் கேட்டு அனுப்பிவிட்டேன். அவளுக்கு வந்ததே கோபம்!

"அக்கா, அது தந்தது சரியோ பிழையோ எண்டு உங்களுக்குச் சொல்லத் தெரியுமோ? தெரியாட்டி நாளைக்கு உங்களை என்னத்துக்கு வேலைக்கு வைச்சிருக்கிறது? முதல்ல கையால எழுதுங்கோ. பிழைச்சாலும் உங்கட பிழையாய் இருக்கட்டும்."

அப்படித்தான் எஸ்.கியூ.எல். என்கிற, தரவுகளிடம் கேள்வி கேட்கிற முறையைப் பழகினேன். வகை வகையாகப் பிரித்துக் கூட்டுகிற கட்டளை ஒன்று கிழமைக்கணக்காக மண்டையில் ஏறவில்லை. பாயில் படுத்திருந்த அன்ரன் கேட்டுவிட்டு, "கரைக்கு வந்த மீனை வகைவகையாக் குவிச்சு, ஒவ்வொரு குவியலையும் தனித்தனிய நிறுக்கிறதுதானே? இதுக்கே உவ்வளவு இங்கிலீசு?" என்றார். பிறகு எனக்கு மறக்கவில்லை.

ஆவணி மாதக் கடைசியில் பரீட்சை இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். மெயிலில் வரும், வீட்டிலிருந்தே எழுதலாம். அதற்கு முன் மடு மாதா கோயிலின் ஆவணித் திருநாள். நான் நடந்து வருவதாக நேர்ந்தேன். நேர்த்தியென்றால் வலிக்கிற ஒன்றைக் கொடுக்க வேண்டும். என்னிடம் நகையும் இல்லை, ஒன்றும் இல்லை. போனைத்தான் அந்த நாட்களில் உயிரைப்போல் பிடித்துக்கொண்டு திரிந்தேன். ஆகவே போய்த் திரும்புமட்டும் போனைத் தொடுவதில்லை என்று மாதாவுக்குச் சொன்னேன். அணைத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

"விசரே உனக்கு? காட்டு வழியில போன் இல்லாமலோ போறது?" என்றார் அன்ரன்.

"நான் தனியவோ போறன்? ஊரே வருகுது" என்றேன்.

ஒட்டுசுட்டான், மாங்குளம், பிறகு பாலம்பிட்டிக் காடு. செபமாலை சொல்லிச் சொல்லி நடந்தோம். கால் கொப்பளித்தது, ஆனால் மனம் லேசாக இருந்தது. மாதாவின் முகத்தைப் பார்த்து அழுதேன். இனி எல்லாம் சரிவரும் என்ற நிம்மதியோடு பஸ் ஏறி வீடு வந்தேன்.

அலுமாரியைத் திறந்து போனைப் போட்டால், பரீட்சை நான் நடந்துகொண்டிருந்தபோதே வந்து போய்விட்டது. முன்தள்ளி வைத்துவிட்டார்கள். மெயில் வந்ததற்கு அடுத்த நாள் பின்னேரம் வரை திறந்திருந்ததாம். அழுத்திப் பார்த்தேன். நேரம் முடிந்துவிட்டது என்று காட்டியது. திரும்பத் திரும்ப அழுத்தினேன். தர்சினி எத்தனையோ தரம் அழைத்திருந்தாள்.

அதைவிடக் கொடுமை என்ன தெரியுமா? அன்ரனுக்குத் தெரிந்திருந்தது. என்னைப் பிடிக்க முடியாமல் தர்சினி அவருடைய போனுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறாள். என்னோடு நடந்தவர்கள் எல்லாரிடமும் போன் இருந்தது. ஒருவருக்குச் சொல்லியிருந்தால் மாங்குளத்தில் ஏதோவொரு கடையில் இருந்தாவது எழுதியிருப்பேன்.

"ஏன் சொல்லேல்லை?" என்று கத்தினேன்.

"நேர்த்தியல்லே றெஜி" என்றார். "நடுவில முறிச்சால் பிள்ளைக்கோ உனக்கோ ஏதும் வந்திடும் எண்டு பயந்துபோனன். மாதாவே பாத்துக்கொள்ளுவா எண்டு விட்டிட்டன்."

அந்த நோயாளி மனிசன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார். நான் அவரை என்ன சொல்ல? நானும் அவருடைய இடத்தில் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். நாங்கள் அப்படி வளர்ந்தவர்கள்.

அடுத்த நாள் மத்தியானம் கோயிலில் ஆளில்லாத நேரம் பார்த்துப் போனேன். முழங்காலில் நிற்கவில்லை. நின்றுகொண்டே சண்டை பிடித்தேன். உமக்கென்றுதானே நடந்தேன். உமக்கென்றுதானே போனை அணைத்தேன். நான் உம்மிடம் வந்துகொண்டிருக்கிற நேரம் பார்த்தா என் கதவைப் பூட்டினீர்? இனி உம்மிடம் ஒன்றும் கேட்க மாட்டேன். பிள்ளையை மட்டும் பார்த்துக்கொள்ளும், அவளுக்குச் சுடுதண்ணி பிடிக்கத் தெரியாது. இப்படித்தான் சொன்னேன். இதைச் சாட்சியில் சொல்லலாமோ தெரியாது. நடந்தது இதுதான்.

தர்சினி தெரிவாகிவிட்டாள். எனக்குச் சொல்லப் போன் எடுத்தவள் சந்தோசத்தைச் சொல்லாமல் எனக்காக அழுதாள். கொம்பனிக்கு நான் எழுதிய மெயிலுக்குப் பதில் வரவில்லை. ஏஜென்சியில் மருத்துவப் பரிசோதனை முடிந்தது. குவைத்தில் வீடும் சரிவந்துவிட்டது, நத்தார்ப் பெருநாளுக்கு முன் பயணம் என்றார்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடாம், ஆள் அவசரமாம். நான் டிலானியின் உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, அடுத்த வருசம் இது கட்டையாகிவிடும், அதற்கடுத்த வருசம் இதுவும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். வளர்ந்த பிள்ளையின் அளவு எனக்குத் தெரியாமல் போய்விடும் என்று நெஞ்சு வெடித்தது. செபமும் வரவில்லை.

மாரி மழை தொடங்கிய பிறகு ஒரு காலை சாந்தன் அண்ணா போன் எடுத்தார்.

"றெஜினா, அந்தப் பரீட்சையை இல்லாமல் செய்திட்டினம். நிறையப் பேர் மெசினிட்டக் கேட்டு எழுதி அனுப்பியிருக்கினம். ஒரே விடை, ஒரே வசனம், பிழையும் ஒரே பிழை. கொம்பனிக்குச் சரியான கோபம். பதிஞ்ச எல்லாரும் வவுனியாவுக்கு நேர வரவேணும். போன் இல்லை, இன்டர்நெட் இல்லை. நீங்களும் வரலாம்."

குசினி நிலத்தில் அப்படியே இருந்துவிட்டேன். அடுப்பில் கறி அடிப்பிடித்த மணம் வந்தது, எழும்பவில்லை. அம்மா, அம்மா, அம்மா என்று மட்டும் சொன்னேன். மூடிய கதவை மாதா திறந்துவிட்டார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தர்சினியின் நினைவு வந்தது. அண்ணாவுக்குத் திரும்பப் போன் எடுத்துக் கேட்டேன்.

"அவ நேர்மையாத்தான் எழுதினவ. எனக்குத் தெரியும்" என்றார் சாந்தன் அண்ணா. "ஆனா எல்லாருக்கும் ஒரே சட்டமாம். அவவும் திரும்ப எழுதவேணும்."

அவள் திரும்ப எழுதினாலும் தேறிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். தேறாமல் போகக்கூடியவள் நான். அவளோ எனக்குச் சொல்லித் தந்தவள். ஆகவே மனச்சாட்சி உறுத்தாமல் மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

பரீட்சை நாள் விடாத மழை. கண்டாவளைப் பக்கம் வீதியெல்லாம் வெள்ளம். மதுசாவுக்குக் காய்ச்சல் என்று கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். தர்சினி அங்கே கதிரையில் இருந்து விடிய வைத்துவிட்டு, தன் அக்காவைப் பிள்ளையோடு விட்டு, நனைந்த சட்டையோடு பிந்தி வந்தாள். எனக்கு முன்னால் இருந்த வரிசையில் அவளுக்கு இடம் கிடைத்தது. ஈரம் சொட்டுகிற அவளுடைய பின்னலைப் பார்த்துக்கொண்டே நான் எழுதினேன். குழம்பிய தரவு, வெறுமையான இடங்கள், இரண்டு தரம் பதிந்த பெயர்கள். எல்லாம் அவள் சிவப்பால் வெட்டி வெட்டி எனக்குப் பழக்கியவை. என் கை தானாக ஓடியது. அவள் ஒரே கேள்வியில் நின்றாள். எழுதுவாள், அழிப்பாள், வாசலைப் பார்ப்பாள். வாசலில் வாங்கி வைத்த போன்கள் ஒரு பெட்டிக்குள் கிடந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்திருக்குமோ என்றுதான் அவள் பார்த்தாள். என்னால் எழும்பிப் போய் அவளுடைய கையைப் பிடிக்க முடியவில்லை.

நான் தேறினேன். அவள் தேறவில்லை. பிள்ளை சுகமாகிவிட்டது, அது ஒரு நன்றி.

ஏஜென்சிக்குப் போய்ப் பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கினேன். அந்த ஆள் பேசித் தீர்த்தார். "இப்ப வந்து இப்பிடிச் சொன்னா நான் அந்த வீட்டுக்கு ஆரைப் பிடிச்சு அனுப்புறது?" என்றார். எனக்கு அது காதிலேயே ஏறவில்லை. வீட்டுக்கு வந்து டிலானியைத் தூக்கிக்கொண்டு, அம்மா எங்கேயும் போகவில்லை, போகவில்லை என்று ஊருக்கே கேட்கக் கத்தினேன்.

தர்சினி என் போனை எடுக்கவில்லை. ஒரு ஞாயிறு பூசை முடித்துக் கண்டாவளைக்கு நேரே போனேன். முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். கதிரை தந்தாள், தேத்தண்ணி தந்தாள். பிறகு சொன்னாள்:

"கோவம் இல்லை எண்டு பொய் சொல்ல மாட்டன் அக்கா. உங்கட மாதா உங்களுக்குச் செய்தவ. என்ர அம்மன் அண்டைக்கு எங்க போனவ எண்டுதான் தெரியேல்லை."

"தர்சி, நான் அப்பிடிக் கேக்கேல்லையடி. உன்ர இடத்தைத் தா எண்டு நான் கேக்கேல்லை."

"தெரியும் அக்கா. நீங்கள் கேக்கேல்லை." உடுப்பை உதறினாள். "நான் குவைத்துக்குப் போறன். வவுனியாவில உங்கட ஏஜென்சிதான். ஒரு வீடு உடன கிடைச்சுது. போக இருந்த ஆள் கடைசி நேரத்தில நிண்டிட்டாவாம்."

அந்த ஆள் நான்தான் என்று அவளுக்கு அப்போதே தெரியுமோ, என் முகத்தைப் பார்த்துத்தான் அறிந்தாளோ, எனக்குத் தெரியாது. அவள் கிட்ட வந்து என் தோளைத் தொட்டு, "தேத்தண்ணியைக் குடியுங்கோ அக்கா, ஆறுது" என்றாள். நத்தாருக்கு முன் போய்விட்டாள்.

இப்போது நான் தரவுப் பிரிவில் இருக்கிறேன். இயந்திரம் தருகிற விடைகளில் பிழை பிடிக்கிற வேலை. இரண்டு மாதத்துக்கொரு தரம் முறையெல்லாம் மாறும். பஸ்ஸில் இருந்து படிக்கிறேன். இந்த வேலையும் ஒரு நாள் போகலாம், அப்போது வேறொன்றைப் படிக்க வேண்டும் என்று விளங்கிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் குவைத் வீட்டுக்காரர் விட்டால் தர்சினி போன் எடுப்பாள். பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்குள் என் வேலையைக் கேட்பாள். எனக்கு விளங்காததை வாசித்துக் காட்டுவேன். "வெறுமையா இருக்கிற இடத்தை முதல்ல பாருங்கோ அக்கா" என்பாள். பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கும். அவள் இன்னமும் படிக்கிறாள். திரும்பி வந்து எழுதுவேன் என்கிறாள். சாந்தன் அண்ணாவும் அவளை மறக்கவில்லை.

சகோதரங்களே, நம்பிக் கேளுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். சண்டை பிடித்தென்றாலும் கேளுங்கள். என் பிள்ளை என்னோடு இருக்கிறாள், அதற்கு நான் சாகுமட்டும் நன்றி சொல்வேன். ஆனால் ஏன் அவளுக்கு அப்படி, எனக்கு இப்படி என்று மாதாவிடம் நாளாந்தம் கேட்கிறேன். பதில் வரவில்லை. பதில் வராமலே செபமாலையைக் கையில் எடுக்கப் பழகியிருக்கிறேன். முன்பு எனக்கென்று கேட்டேன். இப்போது செபமாலையின் முதல் பத்து மணியும் தர்சினிக்கு.

மதுசா தாயின் அக்காவோடு இருக்கிறாள். சனிக்கிழமைகளில் நான் போய்க் கூட்டிக்கொண்டு வருவேன். டிலானியோடு விளையாடிக் களைத்து என் மடியில் நித்திரையாகிவிடுவாள். போன சனிக்கிழமை அரை நித்திரையில் கண்ணைத் திறக்காமல் "அம்மா" என்று கூப்பிட்டாள்.

நான் "ஓம் பிள்ளை" என்றேன். வேறு என்ன சொல்ல?

அந்தப் பிள்ளை கண்ணைத் திறக்கிறபோது அவளுடைய அம்மா அங்கே இருக்க வேண்டும். எனக்காக மன்றாடினீர்கள், கேட்கப்பட்டது. இனி அதற்காக மன்றாடுங்கள்.